க்ளென் ஓகிள் பழைய ரயில் பாதை: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து மலைகளைப் பார்க்கவேண்டும், ஆனால் மலை ஏற முடியாது என்பதுதான் எல்லோருடைய நிபந்தனையும். அவர்களை நான் கூட்டிப்போகும் இடம் க்ளென் ஓகிள். மலைச்சரிவின் நடுவே ரயில் ஓடிய பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறது. போவதற்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

க்ளென் ஓகிள் எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், ஸ்டிர்லிங் நகரத்துக்கு வடமேற்கே. தெற்கு முனையில் லாக் எர்ன் ஏரி, அதன் தலைமாட்டில் லாக்எர்ன்ஹெட் என்ற சின்ன ஊர். அங்கிருந்து வடமேற்காக ஏறிப்போகும் குறுகலான பள்ளத்தாக்குதான் இது. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் கில்லின். 'க்ளென்' என்றால் இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்கும் நீளமான பள்ளத்தாக்கு. 'லாக்' என்றால் ஏரி. இந்த இரண்டு சொல் தெரிந்தால் இங்குள்ள பாதி வழிகாட்டிப் பலகைகள் புரிந்துவிடும்.

1842-ல் இந்த வழியாக வண்டியில் போன விக்டோரியா மகாராணி, படங்களில் பார்த்த கைபர் கணவாய் ஞாபகத்துக்கு வந்ததாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த வருடம் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படை அழிந்துபோன செய்தி இங்கே எல்லோர் வாயிலும் இருந்தது, அதனால் அந்த ஒப்பீடு வந்ததில் ஆச்சரியமில்லை. அவர் கைபரை நேரில் பார்த்தவர் இல்லை. ஆனாலும் 'ஸ்காட்லாந்தின் கைபர் கணவாய்' என்று இன்றும் சுற்றுலாப் புத்தகங்களில் போடுகிறார்கள்.

தண்டவாளம் இன்னும் இருக்கிறதா? அதன் மேலேயா நடக்கவேண்டும்?

இல்லை. தண்டவாளம், கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ரயிலுக்காக மட்டம் செய்த தரை மட்டும் மிச்சம். அதைக் கெட்டிப்படுத்தி, சைக்கிளும் போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். இன்வர்னெஸ் வரை போகும் தேசிய சைக்கிள் பாதை 7-உம், டிரைமன் முதல் பிட்லாக்ரி வரை போகும் 'ராப் ராய் வழி' என்ற நெடுநடைப் பாதையும் இந்தத் தடத்தின் மேலேயே போகின்றன. ஆகவே பின்னால் மணிச் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். இறங்கி வரும் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள்.

பள்ளத்தாக்கின் அடியில் போகாமல் ரயில் ஏன் அவ்வளவு உயரத்தில் போனது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. லாக்எர்ன்ஹெட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கணவாயின் உச்சி ஏறக்குறைய 290 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான். அடிவாரத்திலிருந்து நேராக ஏறினால் 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரவேண்டும். நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அப்படி ஏறுவது பெரும் பாடு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்கும். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் போகிறதே என்றால், அதற்கு நடுவில் எஞ்சினின் பற்சக்கரம் கடித்துக்கொள்ளும் பல் தண்டவாளம் இருக்கிறது. இங்கே அது கிடையாது.

அதனால் பொறியாளர்கள் ஏற்றத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள். லாக்எர்ன்ஹெட்டுக்குத் தெற்கே, பால்விடர் பக்கத்திலிருந்தே 60-க்கு 1 என்ற கணக்கில் பாதை ஏறத் தொடங்குகிறது. ஊருக்கு நேராக வரும்போது ரயில் ஏற்கெனவே ஏரியைவிட வெகு உயரத்தில் இருக்கும். அங்கிருந்து அதே ஏற்றத்தை மாற்றாமல், மேற்குச் சரிவை ஒட்டிக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேரும். பள்ளத்தாக்கின் தரை மெல்ல மெல்ல உயர்ந்து கடைசியில் பாதையைத் தொட்டுவிடும். ஆரம்பத்தில் கீழே எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கிறுகிறுக்கும், போகப்போக பள்ளமே காணாமல் போய்விடும்.

கார் போகும் ஏ85 சாலை எதிர்ச்சரிவில் கிடக்கிறது. அதற்கும் முன்னால், 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹைலாந்துக் கலகத்தை அடக்கிய அரசு படைகளை நகர்த்துவதற்காகப் போட்ட ராணுவச் சாலையின் தடமும் பள்ளத்தின் அடியில் தெரியும். சிப்பாய்க்கு ஒரு வழி, ரயிலுக்கு ஒரு வழி, லாரிக்கு ஒரு வழி. மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

இந்த ரயிலைப் போட்டது யார்? எதற்கு?

மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஓபன் துறைமுகத்துக்குப் போக. 'காலண்டர்–ஓபன் ரயில்வே' என்ற நிறுவனத்துக்கு 1865-ல் அனுமதி கிடைத்தது. காலண்டர் என்பது ஊர்ப் பெயர், நாள்காட்டி இல்லை. கையில் காசு குறைவு, வழியில் ஜனம் அதைவிடக் குறைவு. 1870-ல் இந்தக் கணவாயின் உச்சி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. பிறகு டின்ட்ரம் வரை போக 1873, டல்மல்லி வரை 1877, ஓபனைத் தொட 1880. பதினைந்து வருட இழுபறி. அதை விடாமல் இழுத்துச் சென்றவர் என்று நிறுவனத்தின் செயலாளர் ஜான் ஆண்டர்சனைச் சொல்வார்கள். அவர் பெயர் கீழே இன்னொரு பதிலிலும் வரும்.

உச்சியில் கட்டிய நிலையத்துக்கு முதலில் 'கில்லின்' என்று பெயர் வைத்தார்கள். கில்லின் ஊரோ அங்கிருந்து பல கிலோமீட்டர் கீழே. கில்லின் டிக்கெட் வாங்கி ஏறியவர் இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் மலையும் ஆடும்தான். 1886-ல் கில்லினுக்கென்று தனியாக ஒரு கிளைப்பாதை வந்த பிறகுதான் இந்த நிலையத்துக்கு க்ளென்ஓகிள்ஹெட் என்று உண்மையான பெயர் கிடைத்தது.

ஏன் மூடிவிட்டார்கள்?

அரசு மூடுவதாகத்தான் இருந்தது, அதற்குள் மலை மூடிவிட்டது.

1963-ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டத்தில் ஓடும் பாதைகளை வெட்டு என்பது அதன் சாரம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைல் பாதை போயிற்று. இந்தப் பாதைக்கும் 1965 நவம்பர் 1 என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 27 அன்று, க்ளென் ஓகிளில் பாறை சரிந்து பாதை மேல் விழுந்தது. ஐந்து வாரத்துக்காக யார் செலவு செய்து சீர்படுத்துவார்கள்? அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடவே இல்லை. கடைசி ரயிலுக்குக் கூட்டம் கூடி வழியனுப்பும் வழக்கம் இந்த நாட்டில் உண்டு. இங்கே அதற்கும் வாய்ப்பில்லாமல் போனது.

ஓபன் மட்டும் தப்பித்தது. அந்த ஊருக்குப் போகும் ரயில்கள் கிளாஸ்கோவிலிருந்து வேறு மலைப்பாதை வழியாகக் கிரியன்லாரிக் வந்து, அங்கிருந்து பழைய பாதையின் மேற்குப் பாதியில் இன்றும் ஓடுகின்றன.

எவ்வளவு தூரம்? எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்?

லாக்எர்ன்ஹெட்டிலிருந்து கில்லின் வரை ஒரு வழி நடை ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நின்று நின்று படம் எடுத்து, சாப்பிட்டு நடந்தால் நாலு மணி நேரம். நான் எப்போதும் லாக்எர்ன்ஹெட்டில்தான் தொடங்குவேன். ரயில் ஏறிய திசையிலேயே நடந்தால்தான் அந்த 60-க்கு 1 ஏற்றத்தின் அருமை காலுக்குத் தெரியும். கடைசியில் கில்லினில் டீக்கடை இருக்கிறது என்ற நினைப்பும் சேர்ந்து இழுக்கும்.

கார் ஒன்றுதான், அதே இடத்துக்குத் திரும்பவேண்டும் என்றால் உச்சி வரை ரயில் பாதையில் போய், பள்ளத்தாக்கின் அடியில் போகும் தடத்தில் இறங்கி வரலாம். மொத்தம் 10 கிலோமீட்டர் பக்கம். ஆனால் அந்தக் கீழ்த்தடம் வேறு ரகம். சேறு, ஈரப்புல், ஆட்டுவேலி தாண்டும் படிகள். நல்ல பூட்ஸ் இல்லாதவர்கள் வந்த வழியிலேயே திரும்புங்கள். போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த ஏரி வரும்போது கண்ணுக்கு நேராக இருக்கும், அதனால் ஒரே பாதையில் இரண்டு முறை நடந்த சலிப்பு வராது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடப்பாரா?

ரயில் பாதைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நடப்பார். லாக்எர்ன்ஹெட் ஊரிலிருந்து பாதை வரை ஏறும் முதல் துண்டுதான் செங்குத்து. வளைந்து வளைந்து ஏறி, மூச்சு வாங்கும். அதற்கு அப்புறம் ஏறுகிறோம் என்பதே தெரியாது. எங்கள் அத்தைக்கு எழுபது வயது. மெரினாவில் காலைநடை போகும் வேகத்தில் பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துக்கா வந்துட்டோம்?" என்றார்.

முதல் ஏற்றமே முடியாது என்றால் தலைகீழாகச் செய்யுங்கள். ஏ85 சாலையில் கணவாயின் உச்சியில், ஒரு குட்டி ஏரியின் கரையில் கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, வளைவுப் பாலம் வரை போய்த் திரும்பலாம். போக முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவர்களுக்கும் இதுதான் சரி. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், இரண்டுமே 60-க்கு 1தான்.

அந்த வளைவுப் பாலத்தில் அப்படி என்ன?

பன்னிரண்டு கல் வளைவுகள், சுமார் 127 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். எண்ணிக்கையில் பெரிய விஷயம் இல்லை, இதைவிடப் பெரிய பாலங்கள் ஸ்காட்லாந்தில் எத்தனையோ. ஆனால் இது ஆற்றைக் கடக்கிற பாலம் இல்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகாமல், மலைச்சரிவை ஒட்டிக்கொண்டு அதே கரையிலேயே போகிறது. அந்த இடத்தில் சரிவு முழுக்கப் பெரிய பெரிய பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அதன் மேல் மண்மேடு போட்டால் நிற்காது, குடைந்தாலும் மேலே இருப்பது வந்துவிடும். ஆகவே கால் ஊன்றி மேலாகத் தாண்டிவிட்டார்கள்.

பாலத்தின் மேல் நடக்கும்போது அது பாலம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், நடுவில் அதே நடைபாதை. தாண்டிப் போய் வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் கால்கள் தெரியும். முழுதாகப் பார்க்கவேண்டும் என்றால் எதிரே ஏ85-ல் காரில் போகும்போது பாருங்கள். ஓட்டுகிறவர் பார்க்கவேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் 1994 செப்டம்பர் 1 அன்று, பயிற்சியில் தாழப் பறந்த விமானப்படையின் டொர்னாடோ ரகப் போர்விமானம் ஒன்று விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே மாதமும் செப்டம்பர் கடைசியும். மே மாதத்தில் பிர்ச் மரங்கள் இளந்தளிர் விட்டிருக்கும், மலையும் பச்சை பிடிக்கத் தொடங்கும். ஆகஸ்டில் ஹெதர் செடி பூத்துச் சரிவெல்லாம் ஊதா நிறம். அக்டோபரில் பெரணி காய்ந்து மலையே துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும், எனக்கு அதுதான் அழகு.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற குட்டிக் கடிப்பூச்சியின் தொல்லை. கொசுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் கூட்டமாக வந்து மொய்க்கும். காற்று அடித்தால் வராது, நடந்துகொண்டே இருந்தாலும் அதிகம் வராது. காற்று இல்லாத மந்தாரமான சாயங்காலத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள். ஒருமுறை நாங்கள் புளியோதரையை நின்றுகொண்டு, வட்டமாக நடந்தபடியே சாப்பிட்டு முடித்தோம்.

பகல் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும்.

மழை பெய்தால் ஆபத்தா?

சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே மழைக்குப் பயந்தால் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது. ஆனால் அடைமழை எச்சரிக்கை இருந்தால் இந்தப் பள்ளத்தாக்குக்குப் போகாதீர்கள். 1965-ல் மட்டும் சரிந்த மலை இல்லை இது. 2004 ஆகஸ்ட் 18 அன்று பலத்த மழையில் இரண்டு இடங்களில் மண்ணும் பாறையும் குழம்பாக இறங்கி ஏ85 சாலையை மூடிவிட்டன. நடுவில் மாட்டிக்கொண்ட 57 பேரை ஹெலிகாப்டரில் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். சரிவு அவ்வளவு செங்குத்து, மேலே இருக்கும் மண் அவ்வளவு லேசு. எதிர்ச்சரிவில் புல் இல்லாமல் உரிந்த மாதிரி நீளமான கோடுகள் தென்பட்டால், அதெல்லாம் மண் இறங்கிய தடம்.

என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?

கோடையிலும் தண்ணீர் புகாத மேற்சட்டை ஒன்று, கம்பளி உடுப்பு ஒன்று. குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ரயில் பாதைக்கு மட்டும் நல்ல ஓட்டக்காலணி போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கனக்கும்.

வழியில் கடையோ கழிப்பறையோ கிடையாது. உச்சியில் கார் நிறுத்தும் இடத்தில் சில நாள் உணவு வண்டி நிற்கும், அதை நம்பிப் போகவேண்டாம். எலுமிச்சை சாதம், ஃபிளாஸ்க்கில் டீ, கொஞ்சம் முறுக்கு, அவ்வளவுதான் எங்கள் மூட்டை. தயிர் சாதம் குளிரில் இறங்காது, சொல்லிவிட்டேன்.

கோடையில் புல்லுக்குள் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். சிலவற்றில் லைம் நோய்க் கிருமி இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது வேண்டாம். சில நாள் கழித்து வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நுழைவுக் கட்டணம், அனுமதி?

இரண்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், தனியார் நிலமாக இருந்தாலும். பொறுப்பு என்றால் நாம் திறந்த கேட்டை நாமே மூடுவது, குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவது, ஆடுகள் இருக்கும் இடத்தில் நாயைக் கட்டிப் பிடிப்பது. கூடாரம் போடுவது வேறு கதை. இது தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை லாக் எர்ன் கரை உட்படச் சில ஏரிக்கரைகளில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

கார் இல்லாமல் போக முடியுமா?

முடியும், ஆனால் திட்டம் வேண்டும். ஸ்டிர்லிங் வரை ரயில், அங்கிருந்து காலண்டர் வழியாகப் பஸ். கில்லின் பக்கம் போகும் பஸ்கள் மிகக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. முதலில் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். முதல் தடவை நான் இதை மாற்றிச் செய்து, டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தை இன்றும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உச்சிக்கு அப்புறம் கில்லின் வரை எப்படி?

உச்சியில் ஏ85-ஐக் குறுக்கே கடக்கவேண்டும். முழு நடையிலும் உண்மையில் ஆபத்தான இடம் இந்த இருபது அடிதான். வண்டிகள் வேகமாக வரும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் காட்டுக்குள் போய், ரயில் பாதையை விட்டுவிட்டுக் காட்டுப்பாதையில் கில்லினுக்கு இறங்கலாம். இந்த இறக்கம் ரயில் போட்ட கணக்கு இல்லை, முட்டிக்குத் தெரியும்.

கில்லினில் டாக்கர்ட் ஆறு ஊருக்கு நடுவே பாறைகளின் மேல் சிதறி ஓடுகிறது. பாலத்தில் நின்று பார்த்தாலே போதும். பாலத்துக்குக் கீழே இருக்கும் மரமடர்ந்த தீவு மக்நாப் குலத்தாரின் இடுகாடு. கால் இன்னும் தாங்கினால், கிளைப்பாதை போன தடத்தில் லாக் டே ஏரி வரை நடக்கலாம், மட்டமான வழி.

போன் சிக்னல் கிடைக்குமா? அவசரம் என்றால்?

விட்டு விட்டுக் கிடைக்கும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 999 அழைத்து, முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கட்டணம் கிடையாது.

நடக்கவே முடியாதவர்களுக்கு இந்த ரயிலில் போக வழி உண்டா?

இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டில் ஓபன் ரயில் ஏறினால், கிரியன்லாரிக்குக்கு அப்புறம் மிச்சப் பாதி கிடைக்கும். அதில் ப்ராண்டர் கணவாய் வரும்போது வலது பக்க ஜன்னலில் மலைச்சரிவைப் பாருங்கள். கம்பங்களும் கம்பிகளும் வரிசையாக நிற்கும். மேலிருந்து பாறை உருண்டு கம்பியை அறுத்தால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும். நான் மேலே சொன்ன ஜான் ஆண்டர்சனின் ஏற்பாடு. காற்றில் கம்பிகள் ரீங்கரிப்பதால் 'ஆண்டர்சனின் பியானோ' என்று பெயர். ஆனாலும் 2010 ஜூனில் ஒரு பாறை கம்பிக்குக் கீழே இருந்து கிளம்பி வந்து ரயிலைத் தடம் புரட்டியது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. சீட்டு எடுக்கும்போது வலது பக்கமே கேளுங்கள், கோடையில் அந்த ரயில் நிரம்பி வழியும்.